வளையாத உருளைக்கிழங்கு

இரண்டு வருடங்களுக்கு முந்திய கார்த்திகை மாதக் கடைசி. அடைமழை விட்டு ஒரு கிழமைகூட ஆகியிருக்காது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையில், பழுகாமத்துக்கு அப்பால், ஒரு சின்னப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பாடசாலையின் பெயரைக் கேட்காதீர்கள். அன்று நடந்த பிழை முழுக்க என்னுடையது, பாடசாலை பாவம்.

முதலில் நான் ஏன் அங்கே ஆசிரியர் விடுதியில் குடியிருந்தேன் என்று சொல்லவேண்டும். என் ஊர் பெரியகல்லாறு. மோட்டார் சைக்கிளில் வந்துபோகிற தூரம்தான். ஆனால் வந்துபோக ஒரு வீடு வேண்டுமே. எங்கள் பக்கத்தில் வீடு என்பது பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை கல்யாணம் முடித்து மனைவி வீட்டுக்குப் போய்விடுவான். மூன்று தங்கச்சிமாருக்கும் மூன்று வீடு கட்டி, மூன்று மாப்பிள்ளைமாரைக் குடிவைத்துவிட்டு நான் நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு நாற்பத்தைந்து வயது. எனக்காக யாரும் எங்கேயும் வீடு கட்டி வைத்திருக்கவில்லை. கடைசித் தங்கச்சியின் முன்னறையில் ஆறு வருடம் இருந்தேன். அவளுடைய மூத்த மகள் பெரியபிள்ளையானதும் அந்த அறை தேவைப்பட்டது. யாரும் போகச் சொல்லவில்லை. வீடு கூட்டும்போதெல்லாம் என் கட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கதவுப் பக்கம் நகர்ந்தது, அவ்வளவுதான். இடமாற்றம் வந்ததும், விடுதி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்டேன்.

விடுதி இருந்தது. இரண்டு அறை, ஒரு குசினி, பின்னால் வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் வாவி, எங்கள் பேச்சில் ஆறு. மற்ற ஆசிரியர்கள் எல்லாரும் ஒன்றரை மணி பஸ்ஸில் போய்விடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வளவில் நானும் என் வானொலியும்தான். ஊர்ச்சனம் மரியாதையான சனம். நான் கடைக்குப் போனால் பேச்சை நிறுத்தி வழிவிடுவார்கள். நான் ஒரு பகிடி சொல்லுவேன், அவர்கள் மரியாதைக்காகச் சிரிப்பார்கள், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன். ஐந்து மாதத்தில் அந்த ஊரில் நான் வாய்திறந்து கேட்ட கேள்வி என்று பார்த்தால், இராச் சாப்பாட்டுக்கு ‘பாண் இருக்கா?’ என்பது ஒன்றுதான்.

வகுப்பிலும் அப்படித்தான். தரம் ஒன்பதில் இருபத்தொரு பிள்ளைகள். நான் பகிடி விடுவேன், அவர்கள் கொப்பியைப் பார்ப்பார்கள். ஆழ்ந்த கவனம் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

இந்த நிலைமையில் ஒருநாள் வலயக் கல்வி அலுவலகத்து விஞ்ஞான ஆலோசகர் தொலைபேசியில் அழைத்தார். என் வயதுதான் இருக்கும் அவருக்கும். டவுன் பாடசாலை ஒன்றில் அடுத்த வருடம் ஓர் இடம் காலியாகிறதாம், செயல்முறை செய்து காட்டிப் படிப்பிக்கிற ஆள் தேவையாம். “உங்கட பாடம் ஒண்டப் பாத்திட்டு எழுதுறன், சேர்” என்றார். நான் ‘பாப்பம் மிஸ்’ என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தேன். டவுன் என்றால் தெருவில் வெளிச்சம், தேத்தண்ணிக்கடை, பக்கத்து அறையில் இருமுகிற மனிதன். பக்கத்து அறையில் யாராவது இருமவேண்டும் என்று ஏங்குகிற அளவுக்கு நான் வந்திருந்தேன்.

எடுத்த பாடம் பிரசாரணம். கலமென்சவ்வுக்கு ஊடாக நீர் எப்படிப் போகிறது என்பது. விரல் நீளத்துக்கு ஒல்லியாக வெட்டிய உருளைக்கிழங்குக் கீலத்தை நல்ல தண்ணீரில் போட்டால் நீர் உள்ளே போய்க் கீலம் விறைக்கும். உப்புத் தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கிற நீர் வெளியே வந்து கீலம் துவண்டு ரப்பர் மாதிரி வளையும். பிள்ளைகள் கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம். இரண்டு கிழமை குசினியில் ஒத்திகை பார்த்தேன். பார்த்த கிழங்கை வீசமுடியாதே, இரண்டு கிழமையும் கிழங்குக் கறிதான். ஒருமுறைகூடப் பிசகவில்லை. பேசாமல் அதே உப்புப் பக்கெட்டோடு வகுப்புக்குப் போயிருந்தால் இந்தக் கதை இல்லை.

அன்று காலையில் எனக்கு ஒரு ஞானம் உதித்தது. ஆசிரியர் வழிகாட்டி நூலில் சூழலில் கிடைக்கிற வளங்களைப் பயன்படுத்தச் சொல்லியிருக்கிறதே! வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வாவியே கிடக்கும்போது கடை உப்பு எதற்கு? ஆடி மாதம் நான் வந்த முதல் கிழமையில் அந்தத் தண்ணீரில் முகம் கழுவியிருந்தேன். வாய்க்குள் போனது உப்புக் கரித்தது. இதே வாவி கடலோடு சேர்கிற எங்கள் பெரியகல்லாற்றிலும் உப்புத்தான். முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் பிறந்தவனுக்கு ஆற்றுத் தண்ணீரைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்?

முதல் வாங்கில் இருக்கிற ஒரு பிள்ளையைக் கூப்பிட்டேன். அவளுடைய அப்பா தோணியில் போய் வலை வீசுகிறவர். அதிகம் பேசாத பிள்ளை. ஜாம் போத்தலைக் கையில் கொடுத்து ஆற்றில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளிவரச் சொன்னேன். அவள் போத்தலையும் என்னையும் ஒருதரம் பார்த்தாள்.

“ஆத்துத் தண்ணியா, சேர்?”

“இல்ல, கொழும்புக் கடல் தண்ணி. ஓடு ஓடு, பஸ் போயிரும்.”

அவள் சிரிக்கவில்லை. போனாள்.

ஆலோசகர் வந்து பின்வாங்கில் உட்கார்ந்து, மடியில் கோவையை வைத்துக்கொண்டார். இரட்டைப் பாடவேளை. நான் இரண்டு ஜாம் போத்தலையும் மேசையில் வைத்தேன். ஒன்றில் கிணற்றுத் தண்ணீர், மற்றதில் ஆற்றுத் தண்ணீர். இரண்டிலும் ஒரே நீளத்துக் கீலங்களைப் போட்டேன். ஊறுகிற நேரத்தில் பாடத்தைத் தொடங்கினேன். மைத்துளியைத் தண்ணீரில் விட்டுப் பரவலைக் காட்டினேன். கலமென்சவ்வு என்பது கண் நெருக்கமான வலை மாதிரி, நீர் அதற்குள்ளால் போய்வரும், உப்பு இலகுவில் போகாது, உப்பு எந்தப் பக்கம் கூடவோ அந்தப் பக்கம் நீர் இழுபடும் என்றேன். நானே சொக்கிப்போகும்படி சொன்னேன். அந்த உற்சாகத்தில், கீலத்தை வெளியே எடுக்கமுன்னமே கரும்பலகையில் முடிவையும் எழுதிவிட்டேன்: கிணற்று நீரில் விறைக்கும், ஆற்று நீரில் துவளும். இருபத்தொரு பிள்ளைகளும் ஒரு சொல் பேசாமல் கொப்பியில் எழுதினார்கள்.

தண்ணீர் அள்ளிவந்த பிள்ளையையே கூப்பிட்டு, ஆற்று நீர்க் கீலத்தை எடுத்து வகுப்புக்கு முன்னால் வளைத்துக் காட்டச் சொன்னேன். அவள் எடுத்தாள். இரண்டு நுனியையும் பிடித்து வளைத்தாள்.

டக்கென்று முறிந்தது.

நான் இன்னொரு கீலத்தை எடுத்தேன். பென்சில் மாதிரி நின்றது. அடுத்ததும் அப்படித்தான். கிணற்றுத் தண்ணீர்க் கீலத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. பதற்றம் வந்தால் எனக்கு முதலில் காது சூடாகும், அதற்குப் பிறகு வாய் என் சொல்லைக் கேட்காது. இது நுவரெலியாக் கிழங்கு, குளிரில் வளர்ந்தது, கொஞ்சம் பிடிவாதம் பிடிக்கும் என்றேன். யாரும் சிரிக்கவில்லை. கரும்பலகையில் எழுதியதை முதுகால் மறைக்கப் பார்த்தேன். என் முதுகு அகலம்தான், எழுத்து அதைவிட அகலம். உள்ளங்கையில் ஊற்றிய வேர்வையில் ஒரு கீலத்தைப் போட்டிருந்தால் அரைமணிக்குள் சுருண்டிருக்கும். பின்வாங்கில் பேனை ஓடுகிற சத்தம் கேட்டது. டவுனும் தெருவெளிச்சமும் பக்கத்து அறை இருமலும் ஒவ்வொன்றாக அணைவது தெரிந்தது.

அப்போதுதான் அந்தச் சொல் என் வாயிலிருந்து வந்தது. அது பகிடி இல்லை.

“கிணத்துத் தண்ணிய அள்ளித் தந்திட்டு ஆத்துத் தண்ணி எண்டு சொன்னியா?”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நானும் அவளோடு சேர்ந்து கீழே பார்த்தேன். கணுக்கால் முழுக்கக் கறுத்த சேறு. வெள்ளைச் சட்டையின் விளிம்பில் தெறித்த சேறு அப்பியபடி காய்ந்திருந்தது. கிணற்றடி சீமெந்துத் தரை. அங்கே சேறு இல்லை. அது எனக்கு நன்றாகத் தெரியும், நான் தினமும் குளிக்கிற இடம்.

சொன்னதைத் திருப்பி விழுங்க வழியில்லை. அவள் ஆற்றுத் தண்ணீர்ப் போத்தலை எடுத்தாள், மிச்சமிருந்த கீலங்களை விரலால் ஒதுக்கினாள், எனக்கு முன்னால் வைத்தாள்.

“குடிச்சிப் பாருங்க, சேர்.”

பிள்ளைகளும் ஆலோசகரும் பார்த்துக்கொண்டிருக்க, கிழங்கு ஊறிய தண்ணீரை நான் ஒரு மிடறு குடித்தேன். கொஞ்சம் மண்வாசம் இருந்தது. மற்றப்படி மழைத்தண்ணீர் மாதிரித் தித்தித்தது.

“நான் கேட்டன்தானே சேர், ஆத்துத் தண்ணியா எண்டு. நீங்க பகிடி விட்டீங்க.”

யன்னலோரம் இருந்த ஒருவன் எழும்பினான். அவன் குரலை அன்றுதான் முழுதாகக் கேட்டேன். “மாரி வெள்ளம் இறங்கிக் கிடக்கு, சேர். இப்ப நல்ல தண்ணி. அந்தா பாருங்க, ஆத்துவாழ பச்சப் பசேலெண்டு மிதக்குது. உப்பேறினா அது கருகிப்போகும்.”

எல்லாரும் திரும்பி யன்னலால் பார்த்தோம். வேலிக்கு அப்பால் கரை முழுவதும் ஆற்றுவாழை, ஊதாப் பூவோடு. ஒரு மாதமாக ஒவ்வொரு பின்னேரமும் விடுதிக் கதவடியில் கதிரையைப் போட்டு அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். ஆளில்லாத மனிதனுக்கு ஆண்டவன் கொடுத்த அழகு என்றெல்லாம் நினைத்து உருகியிருக்கிறேன். அது எனக்கு முன்னால் மிதந்த பரிசோதனை முடிவு. உப்புத் தண்ணீர் பட்டால் அந்த இலையின் கலங்களிலிருந்து நீர் வெளியேறிவிடும், செடி வாடிக் கருகும். பச்சையாக நிற்கிறதென்றால் உப்பில்லை. என் பாடம் அப்படியே அங்கே பூத்துக் கிடந்தது.

“எல்லாருக்கும் இது தெரியுமா?” என்று கேட்டேன். இருபத்தொரு தலையும் ஆடியது. “அப்ப ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?”

“நீங்க கேக்கல்லையே, சேர்.”

யார் சொன்னது என்று தெரியவில்லை. பல வாங்குகளிலிருந்து ஒன்றாக வந்த மாதிரி இருந்தது. அந்த வகுப்பில் அன்றுதான் முதன்முதலாக எனக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேட்டேன்: அப்படியென்றால் எப்போது உப்பேறும்? வகுப்பே அணை உடைத்துக்கொண்டு பேசியது. மாரி முடிந்து, முகத்துவாரத்தால் வெள்ளம் வடிந்து, கடல் தண்ணீர் மெல்ல மெல்ல இங்கே வந்துசேர பங்குனி ஆகிவிடும் என்றான் ஒருவன். இல்லை, இந்தமுறை வெள்ளம் கூட, சித்திரையும் ஆகும் என்றாள் இன்னொருத்தி. வெள்ளத்தில் வயல்வட்டைகளில் நெல் தாழும்போது கல்லாற்று முகத்துவாரத்து மணலை வெட்டிக் கடலுக்குத் திறந்துவிடுவார்களே, அதற்குப் பிறகு நண்டும் இறாலும் எந்தப் பக்கம் போகும் என்று ஒரு சண்டையே நடந்தது. முகத்துவாரம் வெட்டுவது என் ஊரில். சின்ன வயதில் அந்த மணல்திட்டில் நின்று விசிலடித்தவன் நான். வெட்டிய இடத்தில் எங்களுக்கு உடனே கடல் ஏறிவிடும். மேற்கே இருக்கிறவர்களுக்கு அது வந்துசேர மாதக்கணக்கில் ஆகும் என்று நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

பாடம் முடிய அரைமணிக்குமேல் இருந்தது. விடுதிக் குசினியில் உப்புப் பக்கெட் இருக்கிறது, போத்தல் இரண்டும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும், அதனால் இன்னொரு ஏனமும் எடுத்துவா என்று அந்தப் பிள்ளையையே அனுப்பினேன். வேறு யாரையும் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. நான் அங்கே குடிவந்த பிறகு அந்தக் குசினிக்குள் கால்வைத்த முதல் ஆள் அவள்தான்.

ஒரு கையில் உப்பு, மறு கையில் என் தேநீர்க் கோப்பையோடு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வராமல் யோசித்துக்கொண்டே நின்றாள்.

“சேர், கப் ஒண்டுதான் கிடக்கு. இதுக்குள்ள உப்பக் கரைச்சா நீங்க மறுகா தேத்தண்ணி எதில குடிப்பீங்க?”

பின்வாங்கில் ஓடிக்கொண்டிருந்த பேனை நின்றது. சற்றுமுன் எல்லாருக்கும் முன்னால் பொய்காரி ஆக்கப்பட்ட பிள்ளை, நான் எதில் தேநீர் குடிப்பேன் என்று கவலைப்படுகிறாள். கரும்பலகையை அழிக்கிற சாட்டில் திரும்பி நின்றேன். ஒரு வரியை அழிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

கீலம் கோப்பையில் துவண்டது. இடைவேளை மணி அடித்தும் யாரும் எழும்பவில்லை. ஒவ்வொருவரும் வளைத்துப் பார்த்துவிட்டுத்தான் போனார்கள். ஆலோசகர் சிரித்துக்கொண்டே விடைபெற்றார். வந்தவருக்குத் தேநீர் கொடுக்கவேண்டும். ஒரே கோப்பையில் கிழங்கு கிடந்தது. பரவாயில்லை சேர், அடுத்தமுறை குடிப்பம் என்றார். என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருந்தார் என்று பிறகு அறிந்தேன். ஆனால் டவுன் இடம் வேறு ஒருவருக்குப் போனது. கிழங்கை உப்பிலேயே போட்ட மனிதராக இருக்கும்.

அந்த நாளோடு என் தனிமை ஒழிந்தது என்று எழுத ஆசைதான். எழுதினால் பொய். ஒன்றரை மணி பஸ் அதே நேரத்துக்குத்தான் போனது. ஆனால் வகுப்பு வாய் திறந்துவிட்டது. காலையில் வந்ததும் யாராவது ஆற்று நிலவரம் சொல்வார்கள். பேசாதவள் அவள் ஒருத்திதான். கேட்டதற்குப் பதில் சொல்வாள், கொப்பியை இரண்டு கையாலும் நீட்டுவாள், போய்விடுவாள். தினமும் அவளிடம் ஒரு சொல் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போவேன். என் வாயும் ஒரு தேர்ந்து புகவிடும் மென்சவ்வுதான் போலிருக்கிறது. பகிடி எத்தனையும் இலகுவாக வெளியே போகும். அந்த ஒரு சொல் மட்டும் தொண்டைவரை வந்து, உள்ளேயே நின்றுவிடும். மாசியும் போனது.

பங்குனியில் ஒருநாள், நான் வரவு கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அவள் எழும்பி வந்து மேசையில் ஒரு போத்தலை வைத்தாள். சட்டை விளிம்பு ஈரம்.

“உப்பேறிட்டு, சேர்.”

திறந்து ஒரு மிடறு குடித்தேன். கரித்தது. யன்னலுக்கு வெளியே ஆற்றுவாழை ஓரம் பழுத்துத் தொய்ந்திருந்தது, நான் கவனித்திருக்கவில்லை. பழி சொன்னது எல்லாருக்கும் முன்னால். ஆகவே இதையும் எல்லாருக்கும் முன்னால்தான் சொல்லவேண்டும். எழும்பி நின்றேன். காது சூடானது. வாய் ஒரு பகிடியைத் தேடி ஓடியது, பிடித்து நிறுத்தினேன்.

“அண்டைக்கு நான் உன்னப் பொய்காரி ஆக்கிப்போட்டன், மகள். பிழை என்னில. நீ ஆத்துத் தண்ணிதான் அள்ளித் தந்தாய்.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் சிரிப்பில்லை, கோபமுமில்லை.

“சரி, சேர். கிழங்க வெட்டுங்க, மணி அடிக்கப்போகுது.”

விடுதிக்கு ஓடிப்போய்க் கிழங்கு எடுத்துவந்தேன். ஐம்பது கடந்த மனிதன் வளவுக்குள் ஓடுவதைப் பார்த்து முதன்முறையாக அந்த வகுப்பு வாய்விட்டுச் சிரித்தது. நான் பகிடி ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

இப்போதும் அதே விடுதிதான். கோப்பைகள் புதிதாக ஆறு வாங்கினேன், ஆலோசகர் எந்த நேரமும் வரலாம். ஆறும் கடதாசி பிரிக்காமல் அலுமாரியில் இருக்கின்றன. நான் குடிப்பது பழைய கோப்பையில்தான். எத்தனையோ தரம் கழுவியாகிவிட்டது, ஒரு துளி உப்பும் அதில் இருக்க வழியில்லை என்று விஞ்ஞானம் படிப்பிக்கிற எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் மிடறுக்கு முன்னால் நாக்கு ஒரு கணம் தயங்கும், அந்தக் கணத்தில் சேறு காய்ந்த ஒரு வெள்ளைச் சட்டை விளிம்பு என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டுப் போகும்.